பிறருடைய புத்தகத்தில் அம்மா

சித்திரையில் வரும் தாய்லாந்துப் புத்தாண்டான சோங்கிரானின்போது, இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிப் பிக்குகளின் முன்னால் வைப்பார்கள். அவர்கள் ஓதி முடித்தபின் அந்தத் தாளைக் கொளுத்திச் சாம்பலின்மேல் நீர் வார்ப்பார்கள்; ஓதியதன் புண்ணியம் பெயருக்குரியவரைப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. சுமாலியின் கணவர் தாவின் தம் பக்கத்துப் பெயர்களை வரிசையாக எழுதினார். ஒவ்வொருவருக்கும் இயற்பெயர், குடும்பப் பெயர் எல்லாம் குறைவின்றி இருந்தன. சுமாலி தன் வளர்ப்புத் தாயான சம்பியின் பெயரை முழுமையாக எழுதினாள். அதன்கீழே, ஆண்டுதோறும் எழுதுவதைப் போலவே, 'அம்மா லெக்' என்று மட்டும் எழுதினாள்.

தாவின் எட்டிப் பார்த்தார். கேலி பேசாமல் அவரால் கோவிலிலும் இருக்க முடியாது.

"வெறும் லெக்குன்னு எழுதினா எப்படி? நம்ம சந்துலயே நாலு லெக் இருக்கு. அதுல ஒண்ணு பூனை. நீ இத்தனை வருஷமா அனுப்பின புண்ணியமெல்லாம் எவளோ ஒரு லெக் வாங்கிச் சாப்பிட்டுக் கொழுத்துப் போயிருப்பா."

நாத்தனார்மார் சிரித்தனர். சுமாலியும் சிரித்துவைத்தாள். ஆயினும் தாள் எரிந்துகொண்டிருந்தபோது அவளுடைய கண்கள் அந்த ஒரு வரியைவிட்டு அகலவில்லை.

தாய்லாந்தில் எவருக்கும் வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர். வீட்டுப் பெயர் பிறந்தவுடன் தாய் வாயில் வந்தது; ஏட்டுப் பெயர் பிக்குவைக் கேட்டு வைத்தது. பல்லாண்டு ஒன்றாக வேலை செய்தவர்கள்கூட ஒருவர் ஏட்டுப் பெயரை மற்றவர் அறியாமல் ஓய்வு பெறுவதுண்டு. லெக் என்றால் சின்னவள் என்று பொருள். அந்தப் பெயருக்குரியவர்கள் அந்நாட்டில் இத்தனை பேர் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

சுமாலிக்கு ஐந்து வயதாயிருந்தபோது லெக் காய்ச்சலில் இறந்தாள். அவள் கால்வாயோரத்து மருத்துவர் ஒருவர் வீட்டில் சமையல் வேலை செய்தவள். அந்த வீட்டுப் படித்துறையில் படகை நிறுத்தி நூடுல்ஸ் விற்றுவந்த சம்பி, தனக்குப் பிள்ளை இல்லாமையால், அநாதையாகிவிட்ட குழந்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தானே பெற்றவள் என்று பதிவு செய்து, சுமாலி என்று புதுப் பெயரும் வைத்து, வேறு மாகாணத்திற்கே குடிபோய்விட்டாள். எவரேனும் வந்து குழந்தையைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் அவளை இறுதிவரை விடவில்லை. மூப்பில், நினைவு தடுமாறத் தொடங்கிய பிறகுதான், தான் பெறவில்லை என்பதையும், பெற்றவள் லெக் என்பதையும், அந்த மருத்துவர் ஜப்பானுக்குப் போய்ச் சாம்பலாய்த் திரும்பியவர் என்பதையும் சொன்னாள். லெக்கின் முழுப் பெயர் என்ன என்று சுமாலி கேட்டபோது, "நூடுல்ஸ் வாங்க வர்றவங்ககிட்ட முழுப் பேரா கேப்பாங்க?" என்று சம்பி திருப்பிக் கேட்டாள். அடுத்த மழைக்காலத்தில் அவளும் போய்விட்டாள்.

அம்மாவின் முகம் சுமாலிக்கு நினைவில் இல்லை. படமும் கிடையாது. முகம் கிடைக்காது என்பதை அவள் என்றோ ஒப்புக்கொண்டுவிட்டாள். பெயராவது வேண்டும். தாளில் எழுதினால் இவள்தான் என்று பிசகாமல் போய்ச் சேரக்கூடிய பெயர். அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் மீதமில்லை.

புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் அவள் பாங்காக் நகரத்தின் பழைய பகுதியில் உள்ள கோவில் நூலகம் ஒன்றுக்குப் போனாள். நினைவு மலர்கள் அங்கே இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தாள். வசதியுள்ள குடும்பங்களில் ஒருவரை எரியூட்டும் நாளன்று, வந்தவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு நூல் அச்சிடுவார்கள். இறந்தவரின் பிறப்பு, வளர்ப்பு, பதவி, மக்கள், மருமக்கள் ஆகிய எல்லாம் முன்பகுதியில் இருக்கும். பின்பகுதியில் படிப்பவருக்குப் பயன்படட்டும் என்று அறவுரையோ மருத்துவக் குறிப்போ சேர்த்திருப்பார்கள். தன் முன்னோரைத் தேட முற்படும் தாய்லாந்துக்காரர் முதலில் வந்து நிற்பது அத்தகைய அலமாரிகளின் முன்னால்தான்.

நூலகர் பிமோன் நாற்பதைக் கடந்தவள். கணினியில் 'லெக்' என்று தேடித் தருமாறு சுமாலி கேட்டதும், அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"பெரியம்மா, கடல்ல போய் உப்புன்னு தேடச் சொல்றீங்களே. உக்காருங்க. முதல்ல உங்கள்ல இருந்து ஆரம்பிப்போம்."

பிமோன் ஒரு வெள்ளைத்தாளின் அடியில் சுமாலி என்று எழுதி, அதற்கு மேலே லெக் என்று எழுதி, அதற்கும் மேலே வெற்றிடம் விட்டாள். சுமாலி தானே அறிந்தவை ஒரு பக்கம், பிறர் சொல்லக் கேட்டவை மறுபக்கம் என்று பிரித்து எழுதச் சொன்னாள். தானே அறிந்தவை என்று சுமாலியால் எழுத முடிந்தவை மிகக் குறைவு. பச்சை நிறத்து மண்ஜாடி. யாரோ பியானோ வாசித்தது. அம்மாவின் கைலியில் இருந்த மஞ்சள் வாசனை. கேட்டவை: கால்வாய், மருத்துவர், ஜப்பான்.

பிமோன் அவற்றைப் படித்துவிட்டு, ஏழைகளுக்கு மலர் அச்சிடுவார் இல்லை என்பதை ஒளிக்காமல் சொன்னாள். அப்படிப்பட்டவரைத் தேடும்போது அவருடைய பெயரைத் தேடிப் பயனில்லை. அவர் யாருக்கு அருகில் நின்றாரோ அவர்களுடைய புத்தகங்களில் தேட வேண்டும். ஜப்பானில் இறந்த மருத்துவர் என்பது நல்ல பிடி. மருத்துவர்களின் மலர்களில் வாழ்க்கைக் குறிப்பின் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டே போகலாம் என்றாள்.

அதன்பின் சுமாலி அங்கே வாடிக்கையாய்ப் போகத் தொடங்கினாள். கடைசிப் பத்தியை மட்டும் பார்க்கும்படி சொல்லியிருந்தும் அவளால் அது முடியவில்லை. ஒரு காவல்துறை அதிகாரியின் மலரில் சண்டை மீன் வளர்க்கும் முறை இருந்தது. ஒரு பல் மருத்துவரின் மலரில் வாழைக்கன்றுகளின் நோய்களைப் பற்றிய கட்டுரை இருந்தது. முன்பின் அறியாத மனிதர்களின் சாவுகளையெல்லாம் படித்துவிட்டு அவள் மாலையில் வீடு திரும்பினாள். இரவுச் சோற்றின்போது தாவினிடம் அவற்றைச் சொன்னாள். இன்று யார் செத்தது என்று அவரே ஆவலோடு கேட்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

வைகாசியில், மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் அந்தக் கடைசிப் பத்தி கிடைத்தது. டாக்டர் சரன் என்பவர் ஜப்பானில் மாநாட்டிற்குப் போன இடத்தில் மாரடைப்பால் காலமானார் என்றும், அவருடைய சாம்பல் கப்பலில் வந்து சேர்ந்தது என்றும் அதில் இருந்தது. கால்வாயோரத்து வீட்டின் படமும் இருந்தது. படத்தில் படித்துறைக்கு அருகே ஒரு மண்ஜாடி இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது பச்சையா என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் சுமாலி அதன்மேல் விரலை வைத்து எடுக்காமல் நின்றாள்.

மலர் முழுவதும் படித்தாயிற்று. பட்டங்கள், பதவிகள், மனைவி பிரயோங், ஐந்து பிள்ளைகள், நன்றி கூறிய அமைச்சர்கள். லெக் இல்லை.

"ஆம்பளைங்க மலர் ஆபீசைப் பத்திப் பேசும்," என்றாள் பிமோன். "வீட்டைப் பத்தி வேணும்னா பொம்பளைங்க மலரைத்தான் பாக்கணும். அந்தம்மாவுக்கும் ஒண்ணு போட்டிருப்பாங்க."

பிரயோங் அம்மையாரின் மலர் அந்த நூலகத்தில் இல்லை. பிமோன் தனக்குத் தெரிந்த நூலகங்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசி, ஒரு பல்கலைக்கழகத்தில் அது இருப்பதைக் கண்டுபிடித்து, இரவலாக வரவழைத்தாள். அந்த அம்மையார் கைமணத்திற்குப் பெயர் பெற்றவராம். ஆதலால் மலரின் பின்பகுதி முழுவதும் சமையல் குறிப்புகளாய் இருந்தது. சுமாலி அவற்றை ஒன்றுவிடாமல் படித்தாள். ஏறக்குறைய முடிவில், தென் தாய்லாந்து மஞ்சள் குழம்பு என்ற தலைப்பின்கீழ், 'லெக் செய்த முறை' என்று சிறிய எழுத்தில் இருந்தது.

புளி, பச்சை மஞ்சள், மூங்கில் குருத்து, மீன். தேங்காய்ப்பால் கூடாது. குறிப்பின் அடியில் ஒரு வரி இருந்தது: 'இதில் இறாலும் போடலாம். ஆனால் லெக் ஒருநாளும் போட்டதில்லை. காரணம் கேட்டால் சிரிப்பாள்.'

சுமாலி அந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். தன் அம்மாவைப் பற்றி அச்சில் வந்த ஒரே வாக்கியம் அது. அதில் அம்மா சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்பதை அறியாமல் சுமாலி புத்தகத்தை மூட மனமின்றி உட்கார்ந்திருந்தாள். தன் அம்மா தென்னாட்டுக்காரி என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பிமோன் ஒரு குவளைத் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்திற்குப் போனாள்.

குறிப்புகளைத் தொகுத்தவர் மூன்றாவது மகன் வினய் என்று முன்னுரையில் இருந்தது. அவரே அப்புத்தகத்தைப் பல்கலைக்கழகத்திற்கு அன்பளிப்பாகத் தந்தவர். அங்கிருந்த பழைய எண்ணில் பிமோன் அழைத்தபோது மருமகள் எடுத்தாள். மாமனார் நலமாய் இருக்கிறார் என்றும், ஞாயிறன்று வரலாம் என்றும் சொன்னாள்.

வினய் எழுபது வயதினர். நீர்ப்பாசனத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டுப் பெயர் ஊவன். குண்டன் என்று பொருள். இப்போது அவருடைய சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. சுமாலி வாசலில் நின்று கைகுவித்து வணங்கி, தான் லெக்கின் மகள் என்று சொன்னாள். அவர் பதில் வணக்கம் சொல்ல மறந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குங்?" என்றார். "நீ குங் தானே?"

சுமாலிக்குப் புரியவில்லை. குங் என்றால் இறால். அவளை எவரும் அப்படி அழைத்ததில்லை. சம்பி மாலி என்றுதான் கூப்பிடுவாள், கணவரும் அப்படியே. இல்லை, என் பெயர் சுமாலி என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் உடம்பில் எங்கேயோ ஒரு கதவு திறந்தது என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். ஆனால் அப்படி எதுவும் நிகழவில்லை. அவள் எவ்வளவு தேடியும் அந்தப் பெயர் அவளுக்கு நினைவில் இல்லை.

வினய் அவளை உட்காரவைத்துச் சொன்னார். குழந்தை பிறந்தபோது சிவந்து, முதுகு வளைந்து, சுருண்டு கிடந்ததாம். அதைப் பார்த்த லெக், இது இறால் போலிருக்கிறதே என்று சிரித்தாளாம். அன்றுமுதல் அதுவே பெயர்.

"அப்புறம் உங்கம்மா இறாலைக் கையாலயும் தொடலை. எங்கம்மா திட்டுவாங்க, விருந்தாளி வந்திருக்காங்க, இறால் போடுடின்னு. லெக் அக்கா அசையமாட்டாங்க. எம்பொண்ணு பேரை நானே கொதிக்கவிடுவேனான்னு அடுப்படியில எங்ககிட்ட மட்டும் சொல்வாங்க. எங்கம்மாகிட்ட சிரிச்சே மழுப்பிடுவாங்க."

அவரே தொடர்ந்தார். லெக் அக்கா நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். இடி இடித்தால் பானையின் மூடியைத் தலையில் வைத்துக்கொள்வாள். அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு படித்துறைக்குப் போகும்போது, இந்தக் குண்டனைச் சுமந்து என் எலும்பு தேய்கிறது என்று கால்வாயில் போகும் படகுக்காரர்களிடமெல்லாம் முறையிடுவாள். காய்ச்சலில் கிடந்த கடைசி நாள்களில் குழந்தையை அறைக்குள் விட வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள்; தொற்றிக்கொள்ளும் என்று பயம். குழந்தை வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். உள்ளிருந்து அவளும் தட்டுவாள்.

இவ்வளவும் கேட்டபின்தான் சுமாலி தான் வந்த காரியத்தைச் சொன்னாள். அம்மாவின் முழுப் பெயர் வேண்டும். குடும்பப் பெயரும் தெரிந்தால் நல்லது.

வினய் உடனே, உடன்பிறந்தவர்களில் எஞ்சியிருந்த ஒருத்தியான, வடக்கே சியாங்மாயில் இருக்கும் தம் தமக்கையைத் தொலைபேசியில் அழைத்து, இருவரும் கேட்கும்படி வைத்தார்.

"லெக் அக்காவுக்கு முழுப் பேரு என்னக்கா?"

"லெக்தான். வேற என்ன?"

"அது வீட்டுப் பேரு. ஏட்டுல என்ன இருந்துச்சுன்னு கேக்கறேன்."

தமக்கையின் குரல் தணிந்து வந்தது. "நாம கேக்கவே இல்லையேடா."

வினய் தொலைபேசியை வைத்தார். எழுந்து போய்த் தம் தாயாரின் மலரை எடுத்துவந்து, ஒரு பக்கத்தைப் பிரித்தார். அம்மையாரின் அன்புக்குரியவை என்ற தலைப்பில் மூன்று நாய்களின் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு.

"இதைத் தொகுத்தவன் நான்தான்," என்றார். "நாய்க்குப் பேரு போட்டிருக்கேன் பாரு. என்னைத் தூக்கி வளத்தவங்களுக்கு ஒரு பொடி எழுத்து."

சுமாலிக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது; வரவில்லை. பெயர் இனி எங்கும் கிடைக்காது என்பது மட்டும் தெளிவாயிற்று. அதை அறிந்தவர்கள் யாரேனும் தென்னாட்டில் இருந்திருப்பார்கள். ஆனால் எந்த ஊர், யார் வீடு என்று அவளும் அறியாள், இவரும் அறியார். அவள் விடைபெற எழுந்தாள். வினய் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு காகிதக் கோப்பினை எடுத்துவந்தார்.

அது அவருடைய சொந்த நினைவு மலர். பின்னால் பிள்ளைகள் தவறாய் எழுதிவிடுவார்கள் என்று, உயிரோடிருக்கும்போதே தம் கையால் தொகுத்துவைப்பவர்கள் பலர் உண்டு, அவரும் அப்படித்தான். படங்கள் ஒட்டியாயிற்று, அணைக்கட்டுகளைப் பற்றிய கட்டுரையும் ஆயிற்று. முதல் அத்தியாயத்தில், தம்மை வளர்த்தவள் என்ற இடத்தில், ஒரு முழுப் பக்கத்தை அவர் இப்போது வெறுமையாக்கினார். அதில் லெக்கைப் பற்றி எழுதித் தரும்படி அவளைக் கேட்டார். தமக்கு நினைவிருப்பதையெல்லாம் சொல்வதாகவும், எழுதுவது மகளாயிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த ஒரு பக்கத்தை எழுத சுமாலிக்கு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. ஞாயிறுதோறும் போனாள். சில நாள் பிமோனும் வந்து, கேட்டவற்றையும் அறிந்தவற்றையும் குழப்பிவிடாதீர்கள் என்று திருத்தினாள். தலைப்பில்தான் சிக்கல். லெக் என்று மட்டும் போட்டால், படிப்பவருக்கு அது யாரோ ஒரு லெக். பல தாள்களைக் கசக்கிய பிறகு அவள் 'லெக், குங்கின் அம்மா' என்று எழுதினாள். ஏட்டில் இல்லாத இரண்டு பெயர்கள். எனினும் அப்படி ஒருத்திதான் இருந்தாள். வேறு எந்த லெக்கும் அந்த வரிக்கு உரிமை கோர முடியாது. அவளை அழைத்துப்போக வந்த தாவின் அதைப் படித்துவிட்டுக் கேலி எதுவும் பேசவில்லை. வண்டியில் வீடு வரும்வரை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அச்சுக்கான வேலைகள் எல்லாம் முடிந்தன. மலர் வெளிவந்ததும் முதற்படியை அலமாரியில் தானே வைப்பதாகப் பிமோன் வாக்களித்தாள். எப்போது என்று சுமாலி கேட்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். வினய் சிரித்துவிட்டார்.

"பாத்து ஆசைப்படு. இது எப்ப வெளிவரும்னு தெரியும்ல?"

அவர் கண்மூடும் நாளில்தான் அம்மாவின் பெயர் அச்சேறும். அன்றைக்கு வந்தவர்கள் கையில் எல்லாம் அம்மா இருப்பாள், நூலகத்தில் இருப்பாள், யார் வந்து தேடினாலும் கிடைப்பாள். சுமாலி அந்த நாளை எண்ணி ஏங்கினாள். அதே மனத்தோடு, அவர் இரத்த அழுத்த மாத்திரையை மறந்தால் கடிந்துகொண்டாள். உப்புக் குறைத்துச் சமைத்து எடுத்துப்போனாள். படியில் இறங்கும்போது கையைக் கொடுத்தாள். தன்னைக் குங் என்று அழைக்க இந்த உலகில் மீதமிருப்பவர் அவரும், சியாங்மாயில் படுக்கையோடு கிடக்கும் ஒரு கிழவியும் மட்டுமே என்பதை அவள் எவரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில், மஞ்சள் குழம்பும் சோறும் பரிமாறிவிட்டு, பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். வினய் தாழ்வாரத்திலிருந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்கிறதா என்று கேட்பதற்காகக் கூப்பிட்டார்.

"குங்."

அவளுக்குக் கேட்டது. ஆயினும் அவள் உடனே திரும்பவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று நின்றாள்.